உயர் நீதிமன்றத்தின் கதவை யார் தட்டலாம்?

அக்காவின் மகன் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கச்சான் சுருளோடு வீட்டுக்கு வந்தான். உட்காருவதற்கு முன்பே கேட்டான்.

“மாமா, நேர்முகப் பரீட்சையில எனக்குக் கீழ புள்ளி எடுத்த ஆளுக்கு வேலை குடுத்திருக்கிறாங்கள். கொழும்பில அடிப்படை உரிமை வழக்குப் போடலாமா?”

“உனக்கு இல்லை என்ற கடிதம் எப்ப வந்தது?”

“தைப்பொங்கலுக்கு முந்தி.”

அன்றைக்குச் சித்திரை வருடப்பிறப்பு முடிந்து ஒரு கிழமை. நான் பேசாமல் கச்சானை உடைத்தேன்.

“கடிதம் வந்த உறை?”

“அது எங்கையோ எறிஞ்சாச்சு.”

நான் சட்டத்தரணி அல்ல. திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியிடம் இருபத்திரண்டு வருடமாக லிகிதர் வேலை. மனுத் தட்டச்சு செய்வது, சத்தியக்கடதாசிக்கு முத்திரை ஒட்டுவது, கோப்பைக் கட்டிக்கொண்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போவது, இதுதான் என் படிப்பு. அவனுக்கு அன்று சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். சட்டம் படிக்காதவர்களுக்காக எழுதுவதால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இலங்கையில் நாட்டின் உச்சியில் இருக்கும் நீதிமன்றத்துக்குப் பெயர் உயர் நீதிமன்றம். இந்தியாவில் அதை உச்ச நீதிமன்றம் என்பார்கள். அங்கே உயர் நீதிமன்றம் என்றால் மாநிலத்தில் இருப்பது. நம்மிடம் திருகோணமலையில் இருப்பது மேல் நீதிமன்றம். தமிழ்நாட்டுச் செய்தி பார்த்துப் பழகிய ஆட்கள் “ஹைகோர்ட்டில போடலாம்தானே” என்று வந்து நிற்பதில் பாதிக் காரணம் இந்தப் பெயர்தான். நம்முடைய உயர் நீதிமன்றம் ஒன்றே ஒன்று, கொழும்பு புதுக்கடையில்.

சரி, அந்த நீதிமன்றத்துக்கும் நம் உரிமைக்கும் என்ன தொடர்பு? ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கத்துக்கு ஒரு யாப்பு உண்டு. மானிய மண்ணெண்ணெய் அங்கத்தவர் எல்லாருக்கும் சமமாகப் பிரிக்கப்படும் என்று அதில் எழுதியிருக்கிறது. நிர்வாகக் குழு ஒரு நாள் கூடி, தலைவரின் மச்சான்மாருக்கு இரட்டிப்பு என்று தீர்மானம் எடுக்கிறது. கை உயர்த்தி, பெரும்பான்மையோடு, முறைப்படிதான் எடுக்கிறது. ஆனாலும் அது செல்லாது. யாப்பு தீர்மானத்துக்கு மேலே நிற்கிறது. செல்லாது என்று சொல்ல ஆள் வேண்டுமே, அந்த ஆள் நிர்வாகக் குழுவிலேயே இருந்தால் சொல்வாரா? நாட்டுக்கு யாப்பு அரசியலமைப்பு. நிர்வாகக் குழுவாக அரசாங்கமும் நாடாளுமன்றமும் இருக்கின்றன. வெளியே நின்று யாப்பைப் படித்துக் காட்டும் ஆள் நீதிமன்றம்.

அமெரிக்காவில் இந்த வேலையை அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 1803இல் ஒரு தீர்ப்பின் மூலம் தானே எடுத்துக்கொண்டது. நாடாளுமன்றச் சட்டத்தை நீதிமன்றம் ரத்துச் செய்யலாம் என்று அவர்களின் அரசியலமைப்பில் வெளிப்படையாக ஒரு வரியும் கிடையாது. பிறகு வந்த பல நாடுகள் அதை எழுதியே வைத்தன. ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு வெட்டித் தைத்தது. ஆகவே ஒரு நாட்டில் உரிமை எவ்வளவு பத்திரம் என்று அறிய, உரிமைப் பட்டியலின் நீளத்தைப் பார்த்துப் பயனில்லை. கதவைப் பாருங்கள். யார் தட்டலாம், எத்தனை நாள் திறந்திருக்கும், உள்ளே இருப்பவரால் என்ன செய்ய முடியும், அவர் சொன்னால் வெளியே இருப்பவர்கள் கேட்பார்களா என்பதுதான் விஷயம்.

நம்முடைய கதவு

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தில் அடிப்படை உரிமைகள் இருக்கின்றன. சித்திரவதை செய்யப்படாதிருக்கும் உரிமை 11ஆம் உறுப்புரை. சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்பது 12. காரணமின்றிக் கைதுசெய்யப்படாதிருப்பது 13. பேச்சு, ஒன்றுகூடல், நடமாட்டம் போன்றவை 14. இதில் ஒரு நுணுக்கம்: 14இல் உள்ளவை பிரஜைகளுக்கு, சித்திரவதை, கைது பற்றியவை யாராக இருந்தாலும் பொருந்தும்.

இந்த உரிமையை அரசாங்க நிர்வாகம் மீறினால் நேரே உயர் நீதிமன்றத்துக்கே போகலாம். மாவட்ட நீதிமன்றம், மேன்முறையீடு என்று படியேற வேண்டியதில்லை. உண்மையில் வேறெங்கும் போகவும் முடியாது, 126ஆம் உறுப்புரை அந்த அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே கொடுத்திருக்கிறது. பக்கத்து வளவுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டால் அது இந்தக் கதவுக்கு உரிய விஷயமல்ல. பொலிஸ், பிரதேச செயலகம், அமைச்சு, அரச பாடசாலை, இப்படி அரசின் கை பட்டிருக்க வேண்டும்.

அப்புறம் வருகிறது மருமகனைக் கவிழ்த்த விஷயம். ஒரு மாதம். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு போக வேண்டும். திருகோணமலையிலிருந்து புதுக்கடைக்குக் கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர். அடிபட்டவர் வைத்தியசாலையிலிருந்து வெளியே வர ஒரு கிழமை, பயம் தெளிய ஒரு கிழமை, கொழும்பில் சட்டத்தரணி தேட ஒரு கிழமை, காசு புரட்ட ஒரு கிழமை. அவ்வளவுதான், மாதம் போச்சு. கொழும்பில் இருப்பவருக்கும் மூதூரில் இருப்பவருக்கும் அதே ஒரு மாதம் என்பதைச் சமத்துவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு சின்ன வழி உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருப்பதால் கொழும்புக்கு ஓட வேண்டாம். ஆனால் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டை மட்டும் காட்டிவிட்டு ஆறுதலாக வந்தவர்களிடம், விசாரணை நடந்ததற்கு ஆதாரம் எங்கே என்று நீதிமன்றம் கேட்டிருக்கிறது. அதனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்துவிடக் கூடாது.

இந்தக் கதவு எவ்வளவு பெரிதாகத் திறக்கும் என்பதற்கு உதாரணம் தேடி நம் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. 2018 நவம்பர் 9ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அப்போது இருந்த விதிப்படி நாலரை வருடம் முடிவதற்கு முன் கலைக்க வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு உறுப்பினர்கள் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. பல மனுக்கள் போயின. தீர்ப்பில் முதலில் நிற்கும் பெயர் அப்போது நம் திருகோணமலை மாவட்ட உறுப்பினராக இருந்த இரா. சம்பந்தனுடையது. எதிராளி இடத்தில் ஜனாதிபதியின் பெயர் இருக்காது, சட்டமா அதிபர் இருப்பார்; பதவியில் இருக்கும் ஜனாதிபதியின் செயலைக் கேள்வி கேட்பதற்கு அதுதான் முறை. கவனிக்க வேண்டியது, அந்த மனுவும் என் மருமகன் போட நினைத்த அதே வகை மனு. 12ஆம் உறுப்புரை, சமத்துவம். டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமித்துக் கலைத்தது செல்லாது என்றார்கள். நேர்முகப் பரீட்சைப் புள்ளிக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒரே வாசல்.

அதே வாசலால் வேறு கதையும் வந்திருக்கிறது. 1988இல் இணைக்கப்பட்ட வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி, கிழக்கில் வசிக்கும் மூவர் தங்கள் சமத்துவ உரிமை மீறப்படுகிறது என்று மனுப் போட்டார்கள். 2006 அக்டோபர் 16ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த இணைப்பு சட்டப்படி செல்லாது என்றது. அவசரகால விதியைக் கொண்டு மாகாண சபைச் சட்டத்தை மாற்றியிருக்கக் கூடாது என்பது காரணம். 2007 ஜனவரி முதல் கிழக்கு தனி மாகாணம், திருகோணமலை அதன் தலைநகரம். இங்கே பல தமிழர்களுக்கு அது கசந்த தீர்ப்பு. அடிப்படை உரிமை மனு என்பது சிறுபான்மைக்கு என்று செய்து வைத்த கேடயம் என்று நினைப்பவர்களுக்கு இந்த வழக்கைத்தான் சொல்வேன். கதவு யாருக்கும் திறக்கும், பெரும்பான்மைக்கும்.

ஆனால் மறு வருடமே இன்னொரு காட்சி. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்புறம் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். வெளிநாட்டுக்குப் போக விசாவுக்கு நின்றவர்கள், மருத்துவத்துக்கு வந்தவர்கள், வேலை தேடியவர்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற கொழும்பு அமைப்பு மனுப் போட்டது. அடுத்த நாளே நீதிமன்றம் இடைக்கால உத்தரவு கொடுத்து வெளியேற்றுவதை நிறுத்தியது. பஸ் ஏற்றப்பட்ட ஒருவராவது அந்த ஒரு நாளுக்குள் சட்டத்தரணியைத் தேடிப் பிடித்திருப்பாரா? அவருக்காக இன்னொருவர் தட்ட முடிந்ததால்தான் அது நடந்தது.

தீர்ப்பு காசாகவும் வரலாம். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளைத் தடுக்கத் தவறியதற்காக 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று உத்தரவானது. தன் சொந்தக் காசில்.

இனி பலவீனம். நாடாளுமன்றம் நிறைவேற்றி, சபாநாயகர் கையெழுத்திட்டுவிட்ட சட்டத்தை எந்த நீதிமன்றமும் தொட முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதே, குறுகிய காலத்துக்குள், ஓடிப்போய்க் கேள்வி கேட்க வேண்டும். வர்த்தமானியை யார் ஒவ்வொரு நாளும் வாசிக்கிறார்கள்? அது மட்டுமல்ல, 1978க்கு முன்பே இருந்த பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்று 16ஆம் உறுப்புரை சொல்கிறது. வீடு கட்டி முடித்து, பழைய ஓட்டைகளை அப்படியே விட்டுவிடுங்கள் என்று சாசனம் எழுதியது போல.

கேள்வியையே தள்ளிப் போட்டுச் சாகடித்த கதையும் நம்மிடம் உண்டு. சிங்களம் மட்டும் சட்டத்தின்படி சிங்களப் பரீட்சையில் தேறாததால் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்ட தமிழ் அரச எழுதுவினைஞர் கோடீஸ்வரன் வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றம் 1964இல் அவர் பக்கம் நின்றது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின் மேல் வழக்கே போட முடியாது என்று சொல்லி, மொழிக் கேள்வியைத் தொடாமலே தள்ளிவிட்டது. அப்போது நமக்கு மேலே, கடைசி மேன்முறையீட்டைக் கேட்க, லண்டனில் பிரிவி கவுன்சில் இருந்தது. அது 1969இல், வழக்குப் போடலாம், மொழிக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பியது. பதில் வருவதற்குள் பிரிவி கவுன்சிலும் போனது, 1972இல் பழைய அரசியலமைப்பும் போனது. கேள்வி அப்படியே கிடக்கிறது. நானும் எழுதுவினைஞன் என்பதாலோ என்னவோ, இந்த வழக்கை நினைத்தால் எனக்கு ஆறுவதில்லை.

கடல் கடந்தால்

இந்தியாவில் கதவு அகலம். அரசியலமைப்பின் 32ஆவது பிரிவு உச்ச நீதிமன்றத்துக்கு நேரே போகும் உரிமையையே ஓர் அடிப்படை உரிமையாக வைத்திருக்கிறது. அம்பேத்கர் அதை அரசியலமைப்பின் இதயம், ஆன்மா என்றார். நம்மைப் போல ஒரு மாதக் கெடு கிடையாது. மாநில உயர் நீதிமன்றத்திலும் தட்டலாம். திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்ற மரண தண்டனைக் கைதி, இன்னொரு கைதியை வார்டர் சித்திரவதை செய்தது பற்றி ஒரு நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்தார்கள்.

நாடாளுமன்றம் அரசியலமைப்பையே திருத்தினால்? 1973இல் 13 நீதிபதிகள் இருந்து, 7க்கு 6 என்ற மயிரிழையில் சொன்னார்கள்: திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பை உடைக்க முடியாது. இவ்வளவு பலமான நீதிமன்றம் மூன்றே வருடத்தில் முழங்காலில் விழுந்தது. 1976, நெருக்கடி நிலை. ஆட்களைப் பிடித்து விசாரணையில்லாமல் உள்ளே போடுகிறார்கள். அவர்கள் நீதிமன்றத்தில் கேட்கலாமா என்ற கேள்விக்கு ஐந்து நீதிபதிகளில் நால்வர் கேட்க முடியாது என்றார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மாட்டேன் என்று நின்றார். அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி அடுத்த வருடம் அவருக்கு இளையவரிடம் போனது. அந்த நால்வரில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். 41 வருடம் கழித்து, 2017இல், அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று ஒன்பது பேர் கொண்ட அமர்வு தீர்ப்புச் சொன்னபோது பழைய தீர்ப்பு தவறு என்று எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். தகப்பன் எழுதியதை மகன் அடித்தார்.

அமெரிக்காவிலும் இப்படித்தான், வளைந்து வளைந்து. கிடியன் என்பவரை, பில்லியர்ட்ஸ் கூடம் ஒன்றை உடைத்து உள்ளே போனதாகப் புளோரிடாவில் பிடித்தார்கள். சட்டத்தரணி வைக்கக் காசில்லை, அரசும் கொடுக்கவில்லை. தானே வாதாடித் தோற்றார். சிறையிலிருந்து, சிறைத் தாளில், பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். 1963இல் நீதிபதிகள் எல்லாரும் ஒருமித்து, பாரிய குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசு சட்டத்தரணி கொடுக்க வேண்டும் என்றார்கள். மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். மனுவில் வரி இடைவெளி பிசகினால் திருப்பி அடிக்கச் சொல்லும் இடத்தில் வேலை செய்பவன் நான். அந்தப் பென்சிலை நினைத்துப் பொறாமைப்படுவதுண்டு.

அதே நீதிமன்றம் 1896இல், கறுப்பர் வேறாக வெள்ளையர் வேறாக இருந்தாலும் வசதி சமமென்றால் சரி என்றது. 1954இல் பள்ளிக்கூடங்களில் அது கூடாது என்று திருப்பியது. 1957இல் லிட்டில் ரொக் நகரில் ஒன்பது கறுப்பு மாணவர்கள் பள்ளிக்கூடத்துக்குள் போக, ஜனாதிபதி ஐசனோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. நீதிபதிகளிடம் துவக்கு இல்லை. தீர்ப்பு நடக்க வேண்டுமென்றால் துவக்கு வைத்திருப்பவர் அதற்குப் பணிய வேண்டும்.

பிரித்தானியா இதில் ஒரு விசித்திரம். அங்கே நாடாளுமன்றமே மேல். நீதிமன்றம் அதன் சட்டத்தை ரத்துச் செய்யாது. மனித உரிமைகளோடு இந்தச் சட்டம் ஒத்துப்போகவில்லை என்று பிரகடனம் மட்டும் செய்யும். 2004இல் வெளிநாட்டவர்களை விசாரணையில்லாமல் தடுத்து வைத்த சட்டத்தைப் பற்றி அப்படிச் சொன்னார்கள், அடுத்த வருடம் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. வெட்கம் இருக்கிற இடத்தில் இது வேலை செய்கிறது. ஜெர்மனியில் அரசியலமைப்பு நீதிமன்றம் தலைநகரிலேயே இல்லை, கார்ல்ஸ்ரூவே என்ற ஊரில் இருக்கிறது. யாரும் கட்டணமில்லாமல் முறையிடலாம், ஆனால் வெல்வது நூற்றில் இரண்டு மூன்றுதான்.

கனடாவைச் சொல்லாமல் விட முடியாது. நம் ஊரில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் கனடாவில் ஒரு பிள்ளை இருக்கும் வீடு இருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் பலர் அகதிக் கோரிக்கை கொடுத்து, ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தன் வாயால் தன் கதையைச் சொன்னவர்கள். அந்த மேசை வந்தது ஒரு தீர்ப்பால். 1985 ஏப்ரல் 4ஆம் திகதி, சிங் வழக்கு. சீக்கிய அகதிகள் சிலரின் கோரிக்கையை நேரில் கேளாமல் நிராகரித்திருந்தார்கள். நேரில் கேட்காமல் தள்ள முடியாது என்றது உச்ச நீதிமன்றம். உரிமைச் சாசனத்தில் ‘ஒவ்வொருவருக்கும்’ என்று இருப்பது கனடா மண்ணில் நிற்கும் எவரையும் குறிக்கும், பிரஜையாக இருக்க வேண்டியதில்லை என்று நீதிபதி பேர்த்தா வில்சன் எழுதினார். மறு வருடம் உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்கள் கரையேறியது அந்தச் சொல் இருந்த மண்ணில்தான். இதே கனடாவில், குறிப்பிட்ட சில உரிமைகளை மீறித்தான் சட்டம் போடுகிறோம் என்று வெளிப்படையாக எழுதிவிட்டு ஐந்து வருடத்துக்குச் சட்டம் நடத்த அரசுக்கு அனுமதி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக மலேசியா. இந்திரா காந்தி என்ற தாயின் மூன்று பிள்ளைகளையும், அவருக்குத் தெரியாமல் 2009இல் கணவர் மதம் மாற்றினார். கைக்குழந்தையையும் கொண்டு போனார். 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம், தாய் தகப்பன் இருவரும் சம்மதிக்காமல் பிள்ளையை மதம் மாற்றியது செல்லாது என்று தீர்ப்பளித்தது. தமிழ்ப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் கொண்டாடின. தீர்ப்பு வந்து வருடங்கள் கழிந்தும் அந்தத் தாய் கடைசி மகளைத் தேடி அலைந்தார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மருமகன், “அப்ப எனக்கு ஒண்டும் இல்லையா?” என்றான். 2015இல் அரசியலமைப்பில் சேர்த்த தகவல் அறியும் உரிமை இருக்கிறது என்றேன். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி புள்ளிப் பட்டியலைக் கேட்டு விண்ணப்பம் எழுதினோம். பழைய மாதம் அதனால் உயிர்த்து வருமா என்பது சட்டத்தரணி சொல்ல வேண்டியது. அந்த மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதே பல வழக்குகளில் முதல் சண்டை.

போன செவ்வாய்க்கிழமை பதிவுத் தபாலில் பதில் வந்தது. கடிதத்தை வாசிக்க முன்பே போனில் கூப்பிட்டான்.

“மாமா, உறையை எறியேல்ல. முத்திரையில திகதி கொஞ்சம் அழிஞ்சிருக்கு, ஆனா தெரியுது.”

“படம் எடுத்து அனுப்பு. பிறகு கடிதத்தைப் பிரி.”